குஞ்சுகள் தங்காததற்கு நான் பொறுப்பல்ல

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்று எழுதாவிட்டால் கடிதம் கடிதமாகாது என்பதால் எழுதினேன். உண்மை நிலவரம் கீழே வரும். அங்கே நீங்களும், முக்கியமாக என் மகளும், அதைவிட முக்கியமாக அவள் வயிற்றில் இருப்பவரும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் இரண்டுக்கும் நடுவிலும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீங்கள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் "அப்பா, அடுப்புல பால் இருக்கு" என்று வைத்துவிடுகிறாள். உங்கள் வீட்டில் நான் எப்போது கூப்பிட்டாலும் அடுப்பில் பால் இருக்கிறது. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பாலை இறக்கி வைத்துவிட்டு மீதியைப் படிக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீங்கள், "குருவிங்க எப்படி இருக்கு மாமா, குஞ்சு ஏதாவது பொரிச்சுதா?" என்று கேட்டீர்கள். நான் "எல்லாம் ஜோரா இருக்கு" என்றேன். இருந்தவை ஜோராகத்தான் இருந்தன. இல்லாமல் போனவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் போனை வைத்த நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கலாம். மூன்று தடவை வீணாய்ப் போன முட்டைகளையும் குஞ்சுகளையும் எதில் மறைப்பது? தவிர, இதில் என் சுயநலமும் ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்கு நாங்கள் எப்போது கிளம்பி வரட்டும் என்று கேட்டதற்கு, "கூப்பிடறோம் மாமா, அப்ப வாங்க" என்றீர்கள். அதில் "வாங்க" எனக்குப் பிடித்தது. "அப்ப" பிடிக்கவில்லை. ஒரு ஜோடிக் குருவியின் குஞ்சைக் காப்பாற்ற வக்கில்லாத மனுஷனைப் பச்சைக் குழந்தை பக்கத்தில் விடலாமா என்று நீங்கள் இருவரும் யோசிக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆகவே நடந்தது எதற்கும் நான் பொறுப்பல்ல என்பதை ஆதியோடந்தமாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீங்கள் வேலை மாற்றலாகிக் கிளம்பிய அன்று, எங்கள் பின்பக்க பால்கனியில் உங்கள் கையால் கம்பிவலை அடித்துக் கட்டிய பெரிய கூண்டையும் அதில் இருந்த ஃபிஞ்ச் குருவி ஜோடியையும் என்னிடம் ஒப்படைத்து ஒரு வார்த்தை சொன்னீர்கள். "காலையில தினை, தண்ணி, கொஞ்சம் அவிச்ச முட்டை. அவ்வளவுதான் மாமா. கூட்டுப் பெட்டி மூடியை மட்டும் திறந்து பார்க்காதீங்க." நான் தலையை ஆட்டினேன். ஆனால் அது பொதுமக்களுக்கான அறிவுரை, எனக்குப் பொருந்தாது என்று எடுத்துக்கொண்டேன். நான் யார்? பிஸ்கட் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். வரிசையில் ஊர்ந்து வரும் டின்களில் ஒன்றை எடுப்பேன், மூடியைத் திறப்பேன், முகர்ந்து பார்ப்பேன், ஒரு பிஸ்கட்டைக் காதருகே வைத்து ஒடிப்பேன். சத்தம் சரியாக வந்தால்தான் அந்த அடுப்புக்கு அன்றைக்கு நல்ல பெயர். மூடியைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்கி, மகளைப் படிக்க வைத்து, உங்களுக்குக் கட்டிக்கொடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த வீட்டில் நான் திறக்க என்ன இருக்கிறது? குக்கரைத் தொட உங்கள் அத்தை விடுவதில்லை. அப்படிப்பட்டவன் கையில் மூடி போட்ட ஒரு பெட்டியைக் கொடுத்து, உள்ளே உயிர் இருக்கிறது, ஆனால் பார்க்காதே என்றால் அது யார் தப்பு? உங்களைக் குறை சொல்லவில்லை. சும்மா கேட்டு வைக்கிறேன்.

முதல் தடவை நான்கு முட்டை, பொரிந்தது மூன்று. அவிச்ச பட்டாணி அளவில் ஒரு தலை, அதைத் தூக்க முடியாத ஒரு கழுத்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் டார்ச் விளக்கும் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றும் வாங்கி வைத்துக்கொண்டு முறைப்படி ஆய்வு நடத்தினேன். மூடியைத் தூக்கியதும் தாயும் தகப்பனும் விருட்டென்று வெளியே பறந்து கூண்டின் கோடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குஞ்சு குளிரில் கிடக்குமே, இவை உள்ளே போகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் நிற்பேன். நான் போகட்டும் என்று அவை உட்கார்ந்திருக்கும். அவை போகாமல் நான் போவதில்லை, நான் போகாமல் அவை போவதில்லை. இப்படி இரண்டு தரப்பும் பொறுப்புணர்ச்சியோடு நின்றதில், ஒருநாள் காலையில் ஒரு குஞ்சு பெட்டிக்குக் கீழே தரையில் கிடந்தது. தானாக விழ அதற்குக் காலே முளைக்கவில்லை, யாரோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். என் சந்தேகம் தகப்பன் மேல்தான் விழுந்தது. அவனுக்குக் கன்னம் இரண்டும் சிவப்பு, பார்வையும் அவ்வளவு சரியில்லை. விசாரணை முடியும்வரை தற்காலிகப் பணிநீக்கம் என்று அவனைப் பிடித்துத் தனிக்கூண்டில் போட்டேன். குஞ்சுகளுக்குப் பாதிப் பங்கு ஊட்டுவது அவன்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. தாய் ஒருத்தி மட்டும் ஓடி ஓடி ஊட்டிப் பார்த்தாள், முடியவில்லை. அவனை மறுபடி பழைய பதவியில் அமர்த்தியபோது பதவி இருந்தது, குஞ்சுகள் இல்லை. மூன்றையும் பூந்தொட்டியில் புதைத்தேன்.

இரண்டாவது தடவை குளிர்தான் எதிரி என்று முடிவு கட்டினேன். காய்ந்த புல், தேங்காய் நார், பழைய தலையணைப் பஞ்சு என்று கையில் கிடைத்ததை எல்லாம் கூண்டுக்குள் போட்டேன். போடப் போட அந்த ஜோடி பெட்டிக்குள் கொண்டுபோய்த் திணித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. உழைப்பாளிகள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். முட்டைகள் வந்ததைக் கண்ணால் பார்த்தேன், இரண்டு நாள் கழித்துத் திறந்தால் முட்டைகளைக் காணோம். பூனையா, பாம்பா, மாடி வீட்டுத் தையல்காரரா என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். தையல்காரரிடம் நேரிலேயே கேட்டுவிட்டேன். அதன்பிறகு என் கால்சட்டைக்கு அவர் பொத்தான் தைத்துத் தருவதில்லை. கடைசியில் விரலை விட்டுக் கிளறினால், முட்டைகள் கீழே இருக்கின்றன, அவற்றின் மேலேயே புல்லும் பஞ்சும் பரப்பி ஒரு மாடி கட்டி, மாடியில் புதிதாக முட்டை வைத்திருக்கிறார்கள். பொருள் கிடைத்துக்கொண்டே இருந்தால் இந்தக் குருவிகளுக்குக் கட்டுவதை நிறுத்தத் தெரியாதாம். கீழ்த்தளம் சில்லிட்டுப் போயிற்று, நான் கிளறியதில் மேல்தளமும் சரிந்தது. ஐந்துக்கு இரண்டு பழுதில்லாமல் தேறும் என்பார்கள். எனக்கு அதுவும் தேறவில்லை.

மூன்றாவது தடவை, இவர்களுக்கு அனுபவம் போதாது, வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்து வழி காட்டினால் சரியாகும் என்று எனக்குப் பட்டது. பறவைக் கடைக்குப் போய், பலமுறை குஞ்சு பொரித்த மூத்த ஜோடி ஒன்றை வாங்கி வந்து உள்ளே விட்டேன். அவர்களுக்கென்று தனிப் பெட்டியும் மாட்டினேன், கொஞ்சம் தாழ்வாக. குருவிகளுக்கு உயரமான பெட்டிதான் கௌரவமாம். மூத்த ஜோடி தாழ்வான பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஜோடி அப்போதுதான் குஞ்சு பொரித்து உட்கார்ந்திருக்க, நேராக அந்தப் பெட்டிக்குள் நுழைந்து சட்டம் பேச ஆரம்பித்தது. நான்கும் உள்ளே போட்ட சண்டையில் குஞ்சுகள் காலடியில் போயின. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். உங்கள் அத்தையும் நானும் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரர் பொறுமையாக எல்லாம் கேட்டார். பெட்டிகளை ஒரே உயரத்தில் மாட்ட வேண்டும், ஜோடிகளைவிடப் பெட்டிகள் அதிகமாக இருக்க வேண்டும் என்றார். நான் உடனே உயரம்தான் காரணம் என்று நிம்மதியாகத் திரும்பினேன். அவர் விடவில்லை.

"அது கிடக்கட்டும் சார். மூடியை எத்தனை தடவை திறப்பீங்க?"

"ஓரிரு தடவை."

"மணிக்கு" என்றாள் உங்கள் அத்தை, எனக்குப் பின்னாலிருந்து.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த கிளிகளைப் பார்த்தார். வழி நெடுக நான் உங்கள் அத்தையிடம், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பது போல் வளர்க்கத் தெரியாத குருவிகள் என்மேல் பழி போடுகின்றன என்று விளக்கினேன். "கூடம் கோணல்னு சொல்றது யாருங்க, அதுங்களா நீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் எனக்கு முன்னால் நடந்துவிட்டாள்.

நான்காவது தடவை முட்டை வந்ததும் நான் திருந்திவிட்டேன். மூடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தேன். அதற்குப் பதிலாக முக்காலி மேல் ஏறி, துடைப்பக் கம்பின் நுனியில் கண்ணாடியைக் கட்டி, வலைக்கு வெளியிலிருந்தே பெட்டியின் வாசல் வழியாகப் பார்க்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்தேன். ஏற்பாடு பிரமாதம். முக்காலிக்குத்தான் ஒரு கால் ஆட்டம். எனக்குக் கணுக்கால் பப்பாளி மாதிரி வீங்கி, கட்டுப் போட வேண்டியதாயிற்று. காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று மருத்துவர் சொல்லி, என்னை உள்ளறைக் கட்டிலில் போட்டுவிட்டார்கள். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் அத்தையிடம் கேட்டுக்கொண்டேன். அவளும் உங்களிடம் சொல்லவில்லை, மகளிடம் மட்டும் சொன்னாளாம்.

அன்றிலிருந்து கூண்டின் நிர்வாகம் உங்கள் அத்தை கைக்குப் போனது. பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவது அவளுக்குச் சம்பளத்தோடு வந்த பழக்கம். காலையில் தினையை வைப்பாள், தண்ணீரை மாற்றுவாள், அவித்த முட்டையைப் பிசைந்து வைப்பாள், பால்கனிக் கதவைத் தாழிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான். குட்டி போட்ட பூனை மாதிரி அங்கேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன் என்று என்னைச் சொல்வாள். குருவிகளுக்கு அந்தப் பழமொழி தெரியாமல் போனதே என் அதிர்ஷ்டம். நான் கட்டிலில் புரண்டேன். தலையணையை மாற்றிப் போட்டேன். சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். ஒருநாள் காலையில் சமையலறைக்கு அப்பாலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது, புதுச் செருப்பு கீச்சிடுவது மாதிரி.

"பொரிஞ்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல."

"பார்க்கலையா நீ?"

"சத்தம் கேட்குதில்ல? அப்ப இருக்கு."

"எத்தனை?"

"எண்ணல" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எண்ணவில்லையாம். இப்படிப்பட்டவளோடு நான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை, அந்தச் சத்தம் மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் கொஞ்சம் பலமாக வந்தது. ஒரு வாரத்தில் உள்ளறைவரை கூச்சல். மருந்து சாப்பிட மறந்தாலும் அதைக் கேட்க நான் மறக்கவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. வீட்டில் யாரும் இல்லை. முதல் தடவை, மூன்றாவது தடவை எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. மருத்துவர் சொன்னதை மறந்து, சுவரைப் பிடித்து நொண்டி நொண்டி, சமையலறையைத் தாண்டிப் பால்கனிக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். கை வைத்த இடத்தில் ஏனோ தொழிற்சாலை ஞாபகம் வந்தது. அங்கே ஒரு விதி உண்டு. ஆய்வுக்காகத் திறந்த டின் கடைக்குப் போகக் கூடாது. அதை ஊழியர்கள் தின்று தீர்த்துவிடுவோம். எத்தனையோ டின்களைத் திறந்திருக்கிறேன். என் கை பட்ட ஒரு டின்கூட எந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததில்லை. நான் தொடாமல் விட்டவைதான் ஊர் முழுக்கப் போயின. இது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தகப்பனோ தாயோ வந்து ஊட்டியிருக்கிறது, வாய் நிறைய இருந்தால் எப்படிக் கத்தும்? நான் தாழைத் திறக்கவில்லை. வந்த வழியே நொண்டிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை, என் மகள்தான் ஞாபகத்துக்கு வந்தாள். கைக்குழந்தையாக அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். வைத்ததும் விழித்துக்கொண்டு அழுவாள். அழுதால் எனக்கு நிம்மதி. உங்கள் அத்தைக்கும் அவளுக்கும்தான் தூக்கம் போயிற்று. இப்போது போனில் நான் செய்வதும் அதேதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குழந்தை அசைகிறதா, எத்தனை தடவை அசைந்தது, நேற்றைவிடக் குறைவா என்று கேட்கிறேன். அவள் பாலை அடுப்பில் வைக்கிறாள். போன வருஷம் அவளுக்குத் தங்காமல் போனபோது ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்து, "இப்ப அவகிட்ட எதுவும் கேட்காதீங்க மாமா" என்றீர்கள். அன்று நான் கேட்கவில்லை. அன்று கேட்காததை எல்லாம் இப்போது சேர்த்துக் கேட்கிறேன் போலிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அவ்வளவுதான் விஷயம். குருவி, பஞ்சு, பெட்டியின் உயரம் எல்லாம் அதற்கு மேல் நான் பரப்பிக்கொண்ட புல்.

ஆகவே நான் நிதானமாக யோசித்து எடுத்த முடிவு: நீங்கள் கூப்பிடும்வரை நான் வரமாட்டேன். "அப்ப" என்றால் அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மட்டும் போன் செய்வேன். பால் அடுப்பில் இருக்கிறது என்று அவள் சொன்னால் நம்புவேன். குழந்தை பிறந்த பிறகும் தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன், விரலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். இங்கே குஞ்சுகள் தாமாகவே பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டன என்று உங்கள் அத்தை சொல்கிறாள். எத்தனை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் போய்விட்டது. மனம் இவ்வளவு அமைதியாக இருந்து பல காலம் ஆகிறது.

நீங்கள் நீடூழி வாழ்க. என் மகள் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாருடைய தொந்தரவும் இல்லாமல் சுகமாகப் பெற்றெடுக்கட்டும். வரப்போகிறவருக்கு இப்போதே என் ஆசீர்வாதம். உங்கள் அத்தையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவள் அவ்வளவுதான் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: மேலே எத்தனை என்று தெரியாது என்று எழுதியது முழு உண்மை அல்ல. குஞ்சுகள் நான்கு. கடைசிக்கு இன்னும் வால் சரியாக முளைக்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ என்று கையோடு எடுத்து வந்துவிட்டேன். இந்தப் பின்குறிப்பை உங்கள் வீட்டுக்கு எதிர்வரிசை பேக்கரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிஸ்கட்டில் ஈரம் இருக்கிறது. சொன்னேன், கடைக்காரர் முறைக்கிறார். கால் கட்டைப் பிரிக்க மருத்துவரிடம் போவதாக உங்கள் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்க வேண்டாம். மேலே வரமாட்டேன். மணி அடிக்கமாட்டேன். வாசல் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவேன். இதை எழுதும்போதே ஒரு பேருந்து போய்விட்டது, பரவாயில்லை. உங்கள் மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. வெகு நேரமாக யாரையும் காணோம், அதனால்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவள் உங்களைத் திட்டுவது தெருவரை கேட்கிறது. எதற்கு என்று புரியவில்லை. பாலைப் பொங்க விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நன்றாக உரக்கத் திட்டுகிறாள். சத்தம் கேட்கிறது மாப்பிள்ளை. அது போதும், நான் கிளம்புகிறேன்.